கிணற்று நீர் கீழே போனது எப்படி?

கிணற்றை நம்பி வெள்ளாமை செய்யும் விவசாயிகளிடம் "உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது?" என்று கேட்டால், கோவையிலிருந்து தருமபுரி வரை பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "அப்பாரு காலத்தில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும். இப்போது கிணறு வெறும் தொட்டிதான். போர் தண்ணீரை அதில் விட்டு வைத்து இறைக்கிறோம்" என்பார்கள். காரணம் கேட்டால் சிலர் மழையைச் சொல்வார்கள், சிலர் மோட்டாரைச் சொல்வார்கள்.

இரண்டும் பாதி விடைகளே. மழை சில ஆண்டுகளில் பொய்த்தும் சில ஆண்டுகளில் கொட்டியும் வந்திருக்கிறது. ஆனால் கிணறு இறங்கிய அளவுக்கு மழை இறங்கவில்லை. மோட்டாரும் தானாக ஊருக்குள் நடந்து வரவில்லை. அதோடு மின்கம்பி வந்தது, கட்டணம் வந்தது, கடன் வந்தது, சட்டம் ஒன்று முன்பே வந்து காத்திருந்தது. மோட்டாரை எந்த விலைக்கு ஓட்டலாம், யார் ஓட்டலாம், எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பதையெல்லாம் முடிவு செய்தவை கோட்டையும் மின்சார வாரியமும் வங்கிகளும்தாம். ஒவ்வொரு முடிவிலும் சிலருக்கு நீர் கிடைத்தது, சிலருக்கு நீர் போயிற்று. சிறு விவசாயிகள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில் இப்போதும் இத்தகைய முடிவுகள் எடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

எருது போட்ட வரம்பு

கவலை ஓட்டிய காலத்தை நேரில் பார்த்தவர்கள் இன்று எழுபது வயதைக் கடந்தவர்களாக இருப்பார்கள். வாரியில் இரண்டு எருதுகள் முன்னும் பின்னும் நடக்க, வடக்கயிற்றில் சால் ஏறி இறங்கும். ஒரு ஜோடி எருதுகளின் சக்தி ஏறத்தாழ 1 குதிரைத்திறன்தான். அதையும் நாள் முழுதும் பெற முடியாது. விடியற்காலை தொடங்கி வெயில் ஏறும்போது அவிழ்த்துவிட்டு, மாலையில் மீண்டும் பூட்டினாலும் ஆறேழு மணி நேரத்துக்கு மேல் மாடு தாங்காது. மாட்டுக்குத் தீவனம் வேண்டும், ஓட்ட ஆள் வேண்டும். ஆகவே யாரும் தேவைக்கு மேல் இறைக்கவில்லை. மாடு ஓய்ந்த நேரத்தில் கிணற்றில் ஊற்று ஊறியது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. கவலை ஓட்டியவர் முதுகும் கையும் தேய்ந்ததுதான் மிச்சம். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் நனைப்பதற்குள் பொழுது போய்விடும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எவ்வளவு இறைக்கலாம் என்ற வரம்பைச் சட்டம் போடவில்லை, எருது போட்டது. மோட்டார் வந்தபோது அந்த வரம்பு போயிற்று. அதன் இடத்தில் வேறொரு வரம்பு வேண்டும் என்று எவரும் அன்று நினைக்கவில்லை.

பைக்காராவிலிருந்து வந்த கம்பி

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. அடுத்து மேட்டூரும், 1944-இல் பாபநாசமும் சேர்ந்தன. மின்சாரத்தை உற்பத்தி செய்தால் மட்டும் போதாது, அதை வாங்க ஆள் வேண்டும். கோவை மில்கள் முதல் வாடிக்கையாளர்கள் ஆயின. அடுத்த வாடிக்கை கிணறுகள். 1937-இல் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் கோவையிலேயே மின்மோட்டார் தயாரிக்கப்பட்டது. பிறகு வார்ப்படப் பட்டறைகள் பெருகி, நாடு முழுவதற்கும் பம்புசெட் அனுப்பும் ஊராகக் கோவை மாறியது. கம்பி ஓரிடத்திலும் மோட்டார் ஓரிடத்திலுமாக இல்லாமல் இரண்டும் ஒரே வட்டாரத்தில் அமைந்ததால்தான் கொங்குப் பகுதிக் கிணறுகள் மற்ற பகுதிகளை முந்திக்கொண்டன.

1957-இல் மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. காமராசர் முதலமைச்சராக இருந்த அக்காலத்தில் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டு செல்வதில் சென்னை ராஜ்யம் நாட்டின் முன்வரிசையில் நின்றது. 1965, 1966 ஆண்டுகளில் நாடு தழுவிய வறட்சி ஏற்பட்டு, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருக்கும் நிலை வந்தது. அதே காலத்தில் ஐ.ஆர்.8, ஏ.டி.டி.27 போன்ற குறுகிய கால, உரத்துக்கு ஈடுகொடுக்கும் நெல் ரகங்கள் வந்தன. இந்த ரகங்கள் பலன் தர வேண்டுமானால் நீர் தவறாமல் கிடைக்க வேண்டும். ஆகவே கிணறு வெட்டவும் மோட்டார் வைக்கவும் நில அடமான வங்கிகள் கடன் வழங்கின. 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகு கடன் இன்னும் எளிதாயிற்று. விதை, உரம், கடன், மின்சாரம் நான்கும் ஒன்றுக்கொன்று கைகோத்து வந்தன. உணவுப் பஞ்சம் தீர்ந்தது உண்மை. அதை மறைத்துப் பேசுவது நன்றியில்லாத பேச்சு.

இங்கே ஒரு தொழில்நுட்பக் குறிப்பு அவசியம். கிணற்று மேட்டில் வைக்கும் சாதாரண பம்பு நீரை உறிஞ்சுவதில்லை. பம்புக்குள் காற்று குறையும்போது, வெளியே உள்ள காற்றின் அழுத்தம்தான் நீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் கணக்குப்படி 33 அடி வரை நீரைத் தூக்கும். நடைமுறையில் 20, 25 அடிதான். நீர் 25 அடிக்குக் கீழே போனவுடன் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கிப் பாறையில் திட்டு வெட்டி வைக்க வேண்டியதாயிற்று. இன்னும் கீழே போனபோது கம்ப்ரஸர், அதன் பிறகு சப்மெர்சிபிள் என்று கருவி மாறிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு படியிலும் பணம் உள்ளவர் இறங்க முடிந்தது. பணம் இல்லாதவர் முந்தைய படியிலேயே நின்றுவிட்டார்.

பைசாவுக்காக விழுந்த உயிர்கள்

மின்கட்டணம் யூனிட்டுக்கு 10 பைசாவாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து 1970-இல் கோவை மாவட்ட விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். அப்போது அம்மாவட்டத்தில் இருந்த பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். அரசு கட்டணத்தில் ஒரு பைசாவைக் குறைத்தது. 1972-இல் கட்டணம் மீண்டும் உயர்ந்தபோது, நாராயணசாமி நாயுடு தலைமையில் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோவை நகரத் தெருக்களை அடைத்துக்கொண்டு நின்றன. அந்த ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் பல இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூடுகளிலும் விவசாயிகள் மாண்டனர். ஜூலை 5-ஐ இன்றும் விவசாய சங்கங்கள் உழவர் தினமாகக் கொண்டாடுவது இதனால்தான்.

நாயுடு எழுப்பிய கேள்வி நியாயமானது. ஆற்றுப் பாசன விவசாயிக்கு அணையையும் கால்வாயையும் அரசு கட்டிக் கொடுக்கிறது, அவர் சொற்பத் தீர்வை செலுத்துகிறார். கிணற்றுப் பாசன விவசாயி சொந்தக் காசில் கிணறு வெட்டி, சொந்தக் காசில் மோட்டார் வைத்து, அதற்கு மேல் யூனிட் கணக்கில் பணமும் கட்ட வேண்டுமா? இதற்கு இன்றுவரை எவரும் நேராகப் பதில் சொன்னதில்லை.

பதிலுக்குப் பதிலாகக் கட்டணம் குறைந்தது. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம் ஆனது. மற்றவர்களுக்கு யூனிட் கணக்கு நீங்கி, குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று நிலைக் கட்டணம் வந்தது. 1989-இல் பொறுப்பேற்ற கருணாநிதி அரசின் காலத்தில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்றாயிற்று. 2003-இல் ஜெயலலிதா அரசு இலவசத்தை நிறுத்தி, குதிரைத்திறன் அடிப்படையில் கட்டணம் விதித்தது. 2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓரிடம்கூடப் பெறாமல் தோற்ற சில நாட்களிலேயே இலவசம் திரும்பி வந்தது. அதன் பிறகு எந்தக் கட்சியும் அதில் கை வைக்கவில்லை. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன.

மீட்டரை எடுத்தது

இலவச மின்சாரம் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கிணற்றை நம்பியுள்ள இரண்டு ஏக்கர்க்காரர் யூனிட் கணக்கில் பணம் கட்டிப் பயிர் செய்தால், இன்றைய விளைபொருள் விலையில் அவருக்கு எதுவும் மிஞ்சாது. ஆனால் கட்டணத்தை எடுத்தது வேறு, மீட்டரை எடுத்தது வேறு. இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிட்டோம்.

மீட்டர் போனதால் இரண்டு தீமைகள் விளைந்தன. ஒன்று, ஆழத்தின் செலவு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு லட்சம் லிட்டர் நீரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் ஏறத்தாழ ஓர் அங்குல உயரத்துக்கு நிற்கும் நீர் இது. பம்பும் மோட்டாரும் குழாயும் சேர்ந்து 40 சதவீதத் திறனில் வேலை செய்வதாக வைத்தால், இந்நீரை 25 அடியிலிருந்து இறைக்கச் சுமார் 5 யூனிட் மின்சாரம் போதும். 100 அடியிலிருந்து இறைக்க 20 யூனிட்டுக்கு மேல் ஆகும். 600 அடியிலிருந்து இறைத்தால் 125 யூனிட். அதே பயிர், அதே அங்குல நீர்தான். மின்சாரம் மட்டும் 24 மடங்கு. (இங்கே கணக்கிட வேண்டியது போர் போட்ட ஆழத்தை அல்ல, மோட்டார் ஓடும்போது நீர் நிற்கும் ஆழத்தை.) 25 அடிக்காரருக்கும் 600 அடிக்காரருக்கும் பில் பூஜ்யம் என்றால், மேலும் மேலும் ஆழத்துக்குப் போவதைத் தடுப்பது எதுவுமில்லை, துளையிடும் செலவைத் தவிர.

மற்றொன்று, சிறு விவசாயி தாம் எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார் என்பதை எடுத்துக்காட்ட வழியில்லாமல் போயிற்று. மீட்டர் இல்லாத இணைப்புகளின் நுகர்வை, சில இடங்களில் வைத்த மாதிரி மீட்டர்களைக் கொண்டும் குதிரைத்திறனைக் கொண்டும் மதிப்பிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் வற்றிவிடும் கிணற்றில் இருக்கும் 5 குதிரைத்திறன் மோட்டாரும், நாள் முழுதும் ஓடும் மோட்டாரும் அந்த மதிப்பீட்டில் ஒன்றாகவே எண்ணப்படக்கூடும். விவசாயிக்கு இத்தனை ஆயிரம் கோடி மானியம் என்று பத்திரிகையில் படிக்கும்போது, அதில் நம் பங்கு எவ்வளவு என்று கேட்கக்கூட நம்மிடம் எண் இல்லை.

மீட்டர் வந்தால் பின்னாலேயே பில்லும் வரும் என்று விவசாயிகள் அஞ்சுகிறார்கள். 2003-இல் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் வீணானதல்ல. அரசு சொன்ன சொல்லைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இருந்தால் மீட்டர் ஒரு கருவி. நம்பிக்கை இல்லாவிட்டால் அது ஒரு கண்ணி. நீதியை மீட்டர் உற்பத்தி செய்யாது என்பதை என் சக விஞ்ஞானிகள் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

கட்டணத்தால் கட்டுப்படுத்த முடியாததை நேரத்தால் கட்டுப்படுத்தப் பார்த்தார்கள். பகலில் சில மணி, இரவில் சில மணி மும்முனை மின்சாரம், மற்ற நேரம் இருமுனை என்று வைத்தார்கள். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கன்டென்சர் போட்டு இருமுனையிலேயே மோட்டாரை ஓட்டினார்கள். மோட்டார் சூடேறிக் காயில் கருகியது, மின்மாற்றி வெடித்தது. இரவில் எழுந்து போக முடியாதவர்கள் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டார்கள். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடும், வாய்க்கால் உடைந்து நீர் ரோட்டில் ஓடினாலும் நிற்காது. விதி ஒன்று வந்தால் அதைத் தாண்ட ஒரு கருவி வருகிறது. கருவி வந்தால் அதைத் துரத்தி இன்னொரு விதி வருகிறது. விவசாயியின் அறிவுக்கு இது சான்று என்று மெச்சலாம். ஆனால் அந்த அறிவு கிணற்றுக்கு உதவவில்லை.

இணைப்பு இல்லாதவர் கதை தனி. வரிசையில் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, அதுவரை டீசல் என்ஜினில் இறைத்தவர்கள் பலர். 2017-ஐ ஒட்டி வந்த தட்கல் திட்டத்தில் 5 குதிரைத்திறன் இணைப்பை உடனே பெற இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. 2021-இல் ஒரு லட்சம் புதிய இணைப்புகள் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டபோது காத்திருந்தவர்களில் பலருக்கு வழி கிடைத்தது. இலவசம் என்பது வரிசையில் முன்னால் நின்றவருக்கு முன்னால் கிடைத்த இலவசம்.

பாறை சொல்லும் கணக்கு

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. மேலே மண், அதன் கீழ் மக்கிய பாறை, அதற்கும் கீழ் கெட்டிப் பாறை. நீரில் பெரும்பகுதி மக்கிய பாறையில்தான் தங்கும். பெரும்பாலான இடங்களில் அது 100 அடிக்குள் முடிந்துவிடும். அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டுமே நீர் உண்டு. வெடிப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் புகைதான். 1,000 அடிக்கு இறங்கினால் 1,000 அடி உயரத்துக்கு நீர் இருக்கும் என்று எண்ணுவது தவறு. பல நேரங்களில் ஆழ்துளைக் கிணறு புதிய நீரைக் கண்டுபிடிப்பதில்லை. மேலே உள்ள கிணறுகளுக்குச் சேர வேண்டிய நீர் வெடிப்பு வழியாகக் கீழே வருவதை வழியில் பிடித்துக்கொள்கிறது.

இப்போது மழைக் கணக்கு. கொங்குப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 700 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வோம். கடினப் பாறைப் பகுதியில் அதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்குப் போகும். அதாவது 70 மி.மீ. ஓர் ஏக்கருக்கு இது 2.8 லட்சம் லிட்டர். ஒரு போக நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. நீர் வேண்டும். ஆகவே கிணற்று நீரை மட்டும் கொண்டு ஓர் ஏக்கர் நெல் விளைவிக்க, 17 ஏக்கர் நிலத்தில் ஓராண்டு ஊறிய நீர் தேவை. நெல் வயலில் தேங்கும் நீரில் ஒரு பகுதி திரும்பக் கீழே இறங்கும் என்பது உண்மை. அதைக் கழித்தாலும் பத்து ஏக்கருக்குக் குறையாது. 500 மி.மீ. போதும் என்கிற நிலக்கடலைக்கே ஏழு ஏக்கர் ஊறல் வேண்டும். கரும்பு, வாழையின் கணக்கை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 17 ஏக்கர் யாருடையது? நம்மிடம் இருப்பதோ இரண்டு ஏக்கர். மீதி பக்கத்துக் காட்டுக்காரருடையது. அவரும் அதே கணக்கில்தான் இறைக்கிறார்.

1960-களின் இறுதியில், வறட்சியில் குடிநீருக்குத் தவித்த கிராமங்களுக்காகக் கடினப் பாறையைக் காற்றழுத்தத்தால் துளைக்கும் இயந்திரங்களை யுனிசெஃப் நிறுவனம் இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. நோக்கம் கைபம்பு வைத்து மக்கள் குடிப்பது. அந்த வகை இயந்திரம் பிறகு லாரியில் ஏறிப் போர் வண்டியாயிற்று. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் வண்டிகள் இன்று நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் துளையிடுகின்றன. கவலைக்குப் பல நாள் உழைத்த கிணற்றை ஓர் இரவில் துளைபோட்ட போர் வற்றச் செய்துவிடுகிறது. குடிக்க வந்த கருவி இறைக்கப் போனதில் வண்டிக்காரர் மேல் குற்றமில்லை. தடுத்து நிறுத்தவோ வரம்பு வைக்கவோ சட்டம் எதுவும் இல்லை.

சட்டம் யார் பக்கம்?

சட்டம் இல்லை என்பதுகூடச் சரியல்ல, ஒன்று இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டப்படி, நில உரிமையாளர் தம் நிலத்தின் கீழ் உள்ள, குறிப்பிட்ட ஓடையாக ஓடாத நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை உடையவர். எருது இறைத்த காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. பக்கத்துக் கிணறு வற்றினால் என்ன என்ற கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை. 600 அடியிலிருந்து இறைக்கும் காலத்திலும் அதே உரிமைதான் செல்லுபடியாகிறது. நிலம் இல்லாதவருக்கும் குத்தகைக்காரருக்கும் அதில் இடமே இல்லை.

சென்னை மாநகர்ப் பகுதிக்கு 1987-இல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்குமான சட்டம் 2003-இல் இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. இதற்கிடையில், 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் 1,166 பிர்க்காக்களில் 435, ஊறுவதைவிட அதிகமாக நீர் எடுக்கப்படும் பிர்க்காக்கள். நம் பிர்க்கா எந்த வகை என்பது நீர்வளத் துறை அலுவலகங்களில் இருக்கிறது. கிராம சபையில் அதைப் படித்துக் காட்டச் சொல்லும் வழக்கம் இன்னும் வரவில்லை.

ஒரு கிணற்றில் நான்கு பங்காளிகள் என்று வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரத்தில் கிணற்றில் கால் பங்கு, மோட்டாரில் கால் பங்கு, சர்வீசில் கால் பங்கு என்றெல்லாம் எழுதியிருக்கும். முறை வைத்து இறைத்து வந்தார்கள். ஒருவர் தம் காட்டில் தனியாக 800 அடி போர் போடுகிறார். அவருக்கு நீர் வருகிறது. கூட்டுக் கிணறு இறங்குகிறது. மற்ற மூவரில் ஒருவர் கடன் வாங்கிப் போர் போட்டு, நீர் கிடைக்காமல் கடனோடு நிற்கிறார். ஒருவர் மாடு வாங்கிப் பாலுக்கு மாறுகிறார். ஒருவர் விசைத்தறிக்கோ பனியன் கம்பெனிக்கோ வேலைக்குப் போகிறார். பத்திரத்தில் அவர்களுடைய கால் பங்கு அப்படியே இருக்கிறது, சட்டப்படி எவர் உரிமையும் மீறப்படவில்லை. நீர் மட்டும் இல்லை. கொங்குப் பகுதியில் இதைக் கற்பனை என்று சொல்பவர் இருக்க மாட்டார்.

மற்றவர்கள் செய்து பார்த்தது

குஜராத்தில் 2003-இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தனித்தனி மின்பாதை அமைத்து, விவசாயத்துக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தடையற்ற மும்முனை மின்சாரம் வழங்கினார்கள். மோட்டார் எரிவது குறைந்தது, மின்நுகர்வும் குறைந்தது. ஆனால் கிணறு இல்லாமல் பக்கத்தாரிடம் நீர் வாங்கிப் பயிர் செய்த குத்தகைக்காரர்களுக்கு நீர் கிடைப்பது அருகிப்போனது. நல்ல திட்டத்திலும் அடி வாங்குபவர் கடைசி மனிதரே.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஆந்திராவில் நடந்தது. அனந்தபூர், கர்நூல், சித்தூர், கடப்பா, பிரகாசம், மகபூப்நகர், நல்கொண்டா ஆகிய ஏழு வறண்ட மாவட்டங்களில், 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில், 2003 முதல் சில ஆண்டுகள் விவசாயிகளே நிலத்தடி நீரை அளந்தார்கள். மானியமும் இல்லை, தடை உத்தரவும் இல்லை. மழைமானி வைத்தார்கள், கிணறுகளின் நீர்மட்டத்தை ஆணும் பெண்ணும் அளந்து பதிந்தார்கள். ரபி விதைப்புக்கு முன் ஊர் கூடி, இந்த ஆண்டு ஊறியது இவ்வளவு, எல்லோரும் எண்ணியபடி பயிர் வைத்தால் தேவை இவ்வளவு என்று சுவரில் எழுதினார்கள். முடிவு அவரவர் கையில்தான். ஆனால் கணக்கைப் பார்த்த பிறகு பல ஊர்களில் நெல் பரப்பு குறைந்தது. திட்டம் முடிந்த பின் எல்லா ஊர்களிலும் இது நீடிக்கவில்லை. நீடித்த இடங்களில் பயிரை மட்டுமல்ல, பேச்சையும் அது மாற்றியது. அதிகாரிக்கு மட்டும் தெரிந்த எண் ஊருக்கும் தெரிந்துவிட்டது.

நம் மாநிலத்தில் சொட்டு நீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. தவறாமல் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மிச்சமான நீரில் இன்னொரு ஏக்கர் வாழை வைத்தால் கிணற்றுக்கு மிச்சம் எதுவும் இல்லை. சூரிய சக்தி பம்புசெட்டுக்கும் இதே கணக்குதான். வெயிலுக்கும் பில் வருவதில்லை.

அளந்து வைக்கும் முறை

கிணறு உள்ளவர்கள் ஒரு நோட்டும் கயிறும் இருந்தால் தொடங்கலாம். முறுக்கு நெகிழாத நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு, பத்து அடிக்கு ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். நுனியில் அரைக் கிலோ இரும்புத் துண்டு. கிணற்று மேட்டில் ஓரிடத்தில் பெயின்ட் குறி வைத்து, எப்போதும் அங்கிருந்தே இறக்க வேண்டும். அமாவாசை தோறும் என்று வைத்துக்கொண்டால் நாள் மறக்காது. காலையில் மோட்டார் போடும் முன் அளப்பதே சரி. போட்ட பிறகு அளந்தால் இறைப்பு மட்டம்தான் கிடைக்கும். பிற கிணறுகளோடு ஒப்பிட அது உதவாது. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரும் குழாயும் இருப்பதால் கயிறு சிக்கும். அதில் கயிற்றை விடாதீர்கள். அதற்கு மின் நீர்மட்டமானி வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

நீர் வரத்தை அளக்க 200 லிட்டர் டிரம் போதும். டெலிவரி குழாயை அதில் விட்டு, நிரம்பும் நேரத்தை விநாடியில் எண்ணுங்கள். 40 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்ச இந்த மோட்டார் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். மோட்டார் ஓடிய நேரத்தை நாள்தோறும் குறித்து வந்தால் பருவ முடிவில் மொத்த நீர் தெரியும். டிரம் நிரம்பும் நேரம் கூடிக்கொண்டே போனால், ஒன்று நீர் இறங்குகிறது, இல்லாவிட்டால் ஃபுட் வால்வோ இம்பெல்லரோ தேய்ந்திருக்கிறது. முதலில் பம்பைப் பாருங்கள்.

மழையை அளக்க, வாயும் அடியும் ஒரே அகலமுள்ள தகர டப்பா ஒன்றை மரநிழல் படாத திறந்த வெளியில் வைத்து, காலை எட்டரை மணிக்கு ஸ்கேலால் அளந்து மி.மீ. கணக்கில் எழுதுங்கள். ஓர் ஊரில் பத்துக் கிணற்றுக்காரர்கள் இப்படி ஓராண்டு எழுதி வைத்தால், அந்தப் பத்து நோட்டுகளை அடுத்த கிராம சபைக்குக் கொண்டு போகலாம். தைப்பட்ட விதைப்புக்கு முன் கூட்டம் வைப்பது நல்லது. விதைத்த பிறகு கணக்குப் பார்த்துப் பயனில்லை.